ரெண்டு சம்பளம், ஒரே ரிட்டர்ன்: 17,778 டாலர் பாக்கி வந்த கதை

டெக்சாஸ்ல டல்லாஸ் பக்கம் இர்விங்ல இருக்குற ஒரு தமிழ்க் குடும்பத்தோட 2024 டாக்ஸ் கணக்கு இது. அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன், பேரு வேண்டாம்னாங்க, சம்பளத்த ரவுண்டு பண்ணிக்கிட்டேன். இதே நிலைமையில நம்ம ஆளுங்க எத்தனையோ வீட்டுல இருப்பாங்க, ஏப்ரல் மாசம் வரைக்கும் அவங்களுக்கே தெரியாது, அதனால கணக்க கொஞ்சம் விரிவாவே போடுறேன், பொறுமையா படிங்க.

கணவர் எச்-1பி வேலை விசால இருக்கார், ஐ-140ங்கற கம்பெனி மனு அப்ரூவ் ஆகி கிரீன் கார்டு வரிசையில நிக்கிறவர். அதனால எச்-4ங்கற குடும்ப விசால இருக்குற மனைவிக்கு ஈஏடி, அதாவது வேலை பாக்குற அனுமதி கிடைச்சு, பல வருஷம் வீட்டுல இருந்துட்டு 2023 அக்டோபர்ல வேலைக்கு சேர்ந்தாங்க. ரெண்டு பசங்க. பெரியவன் கோயம்புத்தூர்ல பொறந்தவன், 11 வயசு, அவனுக்கு ஐடிஐஎன்ங்கற வரி கட்டுறதுக்கு மட்டுமான நம்பர்தான் இருக்கு. சின்னவ இங்கயே பொறந்தவ, 5 வயசு, எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) இருக்கு. இந்த நம்பர் வித்தியாசம் பின்னாடி பெரிய விஷயமா வரும். 401கேங்கற ஓய்வூதிய சேமிப்பு, இன்சூரன்ஸ் எல்லாம் போக டபிள்யூ-2 (கம்பெனி கொடுக்குற வருஷ சம்பளச் சான்று) பாக்ஸ் 1ல கணவருக்கு 1,20,000 டாலர், மனைவிக்கு 80,000. ஊர்ல என்ஆர்ஈ எஃப்டி (வெளிநாட்டுல இருக்குறவங்க இந்திய பேங்க்ல போடுற டெபாசிட்) வட்டி டாலர் கணக்குல ஒரு 3,000. டெக்சாஸ்ல ஸ்டேட் இன்கம் டாக்ஸ் இல்ல, அதனால ஃபெடரல் மட்டும்தான் பாக்கணும்.

2025 மார்ச்ல சாஃப்ட்வேர்ல ரெண்டு டபிள்யூ-2வையும் ஏத்துனதும் 17,778 டாலர் கட்டணும்னு வந்துச்சு. கணவர் சாஃப்ட்வேர்தான் தப்புன்னு நெனச்சு இன்னொண்ணுல போட்டுப் பாத்தாரு, அதே நம்பர். அப்புறம் தனித்தனியா ஃபைல் பண்ணா கம்மியாகுமோன்னு பாத்தாரு, சம்பளத்துக்கு மட்டும் போட்டா வரி கூடத்தான் வந்துச்சு, கிட்டத்தட்ட 100 டாலர் அதிகம். அதுக்கப்புறம்தான் ரெண்டு பேரும் பே ஸ்டப் எல்லாம் எடுத்துக்கிட்டு என்கிட்ட உக்காந்தாங்க.

நான் முதல்ல கேட்டது மனைவியோட பே ஸ்டப். ரெண்டு வாரத்துக்கு ஒரு செக், வரி போடக்கூடிய சம்பளம் 3,076.92 டாலர், அதுல ஃபெடரல் வித்ஹோல்டிங், அதாவது கம்பெனி முன்கூட்டியே பிடிக்கிற வருமான வரி எவ்ளோ தெரியுமா, 62.77. வெறும் ரெண்டு சதவீதம். சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் தனியா சரியா பிடிச்சிருக்கு, அதனால பாக்குறவங்களுக்கு ஏதோ நெறையவே பிடிக்கிற மாதிரிதான் தெரியும், அந்த ஒரு வரி மட்டும் கண்ணுல படாது. கணவரோட செக்ல 247.38. வருஷம் முழுக்க ரெண்டு பேருக்கும் சேத்து பிடிச்சது 8,064 டாலர். உண்மையான வரி 25,842.

இது எப்படி வந்துச்சுன்னா, அந்தம்மா வேலைக்கு சேர்ந்த அன்னிக்கு ஆன்போர்டிங் போர்ட்டல்ல டபிள்யூ-4 கேட்டிருக்கு, சம்பளத்துல எவ்ளோ வரி பிடிக்கணும்னு கம்பெனிக்குச் சொல்ற ஃபார்ம் அது. "ஏங்க, இதுல என்ன போடணும்?"னு கேட்டதும் அவர் 2020ல தான் போட்ட ஃபார்மை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிட்டாரு. மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லி (தம்பதி சேர்ந்து ரிட்டர்ன் போடுறது), வீட்டுல இன்னொரு வேலை இருக்கான்னு கேக்குற ஸ்டெப் 2 காலி, பசங்களுக்கான வரிச் சலுகைய எழுதுற ஸ்டெப் 3ல ரெண்டு பேருக்கு 4,000. அப்படியே பாத்து நிரப்பிட்டாங்க. அவரும் மனைவி வேலைக்குப் போனப்புறம் தன்னோட ஃபார்மை மாத்தணும்னு நெனைக்கல, யாரும் சொல்லவும் இல்ல. ரெண்டு கம்பெனி பேரோலும் (சம்பளம் போடுற பிரிவு) அவங்க கையில இருந்த ஃபார்ம்படி பைசா பிசகாம பிடிச்சிருக்காங்க. ஆனா ஒரு பேரோலுக்கு இன்னொரு பேரோல் இருக்குறதே தெரியாது. அது ரெண்டும் சந்திக்கிற ஒரே இடம் டபிள்யூ-4ல ஸ்டெப் 2தான், அத காலியா விட்டா ஒவ்வொரு கம்பெனியும் இந்த வீட்டுக்கு நம்ம சம்பளம் மட்டும்தான் வருமானம்னு எடுத்துக்கும்.

இப்ப கணக்குக்கு வருவோம். 2024ல தம்பதிக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன், அதாவது வருமானத்துல வரி போடாம கழிச்சு விடுற தொகை, 29,200. கணவர் கம்பெனி 1,20,000ல அத கழிச்சு 90,800க்கு வரி போட்டா 10,432. மனைவி கம்பெனியும் அதே 29,200ஐ இன்னொரு தடவ கழிக்குது, 80,000ல போக 50,800, அதுக்கு 5,632. அதாவது முழுக் குடும்பத்துக்கு ஒரே ஒரு தடவ கிடைக்க வேண்டிய கழிவும், 10 சதவீதம் 12 சதவீதம்னு கீழ இருக்குற ஸ்லாபும் ரெண்டு கம்பெனிலயும் ரெண்டு தடவ கொடுத்தாச்சு. ஒரே குடும்பத்துக்கு ரெண்டு ரேஷன் கார்டு போட்டு ரெண்டு கடையிலயும் அரிசி வாங்குன மாதிரி. ரிட்டர்ன் போடும்போது ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித்துறை) ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாக்கும்ல, அப்ப 2,00,000ல 29,200 ஒரே ஒரு தடவதான் கழியும், 1,70,800க்கு வரி 27,682. பசங்க சலுகைய கழிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கம்பெனியும் போட்ட 10,432, 5,632 சேத்தா 16,064தான். இங்கயே 11,618 ஓட்டை.

இத இன்னொரு விதமா பாக்கலாம். 2024ல 12 சதவீத ஸ்லாப் தம்பதிக்கு 94,300 வரைக்கும். கணவர் சம்பளமே 90,800 வரை நிரப்பிடுச்சு, மிச்சம் 3,500தான் இருக்கு. மனைவி சம்பளத்துல முதல் 3,500க்கு 12 சதவீதம், மீதி 76,500க்கு 22 சதவீதம், ஆக அந்த 80,000ஆல கூடுற வரி 17,250. கம்பெனி பிடிச்சது 5,632ன்ற கணக்குல. வித்தியாசம் அதே 11,618தான்.

அடுத்தது பசங்க. ஸ்டெப் 3ல 4,000னு போட்டா அந்த கம்பெனி வருஷ வரில 4,000 கம்மியா பிடிக்கும். ரெண்டு ஃபார்மும் 4,000, மொத்தம் 8,000 கழிஞ்சாச்சு. உண்மையில கிடைக்க வேண்டியது எவ்ளோ? 2024ல சைல்ட் டாக்ஸ் கிரெடிட் (புள்ளைக்காக வரில நேரா கழிக்கிற தொகை) 2,000, ஆனா அந்தப் புள்ளைக்கு வேலைக்குச் செல்லுபடியாகுற எஸ்எஸ்என் இருக்கணும். ஐடிஐஎன் வச்சிருக்குற புள்ளைக்கு அது கிடையாது, மத்த டிபெண்டன்ட்டுக்குக் கொடுக்குற 500தான். அப்ப சின்னவளுக்கு 2,000, பெரியவனுக்கு 500, மொத்தம் 2,500. 8,000 எங்க 2,500 எங்க, 5,500 இங்க போச்சு. ஊர்ல பொறந்த புள்ளைய கூட்டிட்டு எச்-4ல வந்த குடும்பங்கள் இத கட்டாயம் கவனிக்கணும், ஃபார்ம்ல 17 வயசுக்குக் கீழ இருக்குற புள்ளைங்கன்னு படிச்சதும் ரெண்டு புள்ளையையும் எண்ணிப் போட்டுடுறோம், எஸ்எஸ்என் விஷயம் மனசுல தோணவே தோணாது.

கடைசியா அந்த என்ஆர்ஈ வட்டி. ஊர்ல அதுக்கு வரி இல்ல, அதனால இங்கயும் இல்லன்னு நெறைய பேரு நம்புறாங்க. அமெரிக்கால டாக்ஸ் ரெசிடென்ட்னா, அதாவது வரிக்கு இங்க வசிக்கிறவங்களா கணக்காகுறவங்கன்னா, உலகத்துல எங்க வருமானம் வந்தாலும் இங்க காட்டணும். 3,000க்கு 22 சதவீதம், 660. 11,618, 5,500, 660 மூணையும் கூட்டிப் பாருங்க, 17,778.

இதுக்கு முன்னாடியே ஒரு எச்சரிக்கை வந்துதான் இருந்துச்சு. 2023ல மனைவி கடைசி மூணு மாசம் கூட முழுசா வேலை பாக்கல, 16,000 சம்பளம், அந்த வருஷமே சுமார் 4,500 கட்ட வேண்டி வந்துச்சு. புது வேலை, முதல் வருஷம், அப்படித்தான் இருக்கும்னு கட்டிட்டு விட்டுட்டாங்க. ரிட்டர்ன்ல ஆயிரக்கணக்குல பாக்கி வந்தா பணத்த கட்டிட்டு அன்னிக்கே டபிள்யூ-4 எடுத்துப் பாக்கணும், ஏன்னா அதே ஃபார்ம் அடுத்த வருஷமும் அதே ஓட்டையோட ஓடிக்கிட்டே இருக்கும்.

பெனால்டி எவ்ளோ வருமோன்னு ரெண்டு பேருக்கும் தூக்கமே போச்சு. அது உண்மையில சின்னது. அந்த வருஷ வரில 90 சதவீதமோ, இல்ல போன வருஷ வரில 100 சதவீதமோ, எது கம்மியோ அத வருஷத்துக்குள்ள கட்டிருந்தா பெனால்டி இல்ல. போன வருஷ வருமானம் 1,50,000க்கு மேல இருந்தா அந்த 100ங்கறது 110 ஆயிடும். இவங்களுக்கு 2023 வருமானம் அதுக்குக் கீழதான், வரி 11,061. பிடிச்சது 8,064. ஆக 2,997க்குத்தான் பெனால்டி கணக்கு, 2024 முழுக்க 8 சதவீத வட்டி, 2025 ஆரம்பத்துல 7, எல்லாம் சேத்து ஒரு 150 டாலர் பக்கம். இத சொன்னதும் கணவர் மொகம் கொஞ்சம் தெளிஞ்சுச்சு. ஏப்ரல் 15க்குள்ள ரிட்டர்ன ஃபைல் பண்ணிட்டு, கையில இருந்த 10,000ஐ ஐஆர்எஸ்ஸோட டைரக்ட் பேங்கற ஆன்லைன் வசதி மூலமா கட்டிட்டு, மீதிக்கு ஐஆர்எஸ் சைட்லயே 180 நாள் ஷார்ட் டேர்ம் பிளான் போட்டாங்க, அதுக்கு செட்டப் கட்டணம் கிடையாது, வட்டியும் மாசம் அரை சதவீத லேட் பேமென்ட் பெனால்டியும் மட்டும் ஓடும். பணம் இல்லன்னு ஃபைல் பண்ணாம இருந்துடாதீங்க, ஃபைல் பண்ணாததுக்கு மாசம் 5 சதவீதம் வரைக்கும் போகும், அதுதான் பெரிய அடி.

இங்க ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். இந்தக் கணக்க பாத்ததும் மனைவி கேட்டாங்க, "அண்ணா, அப்ப நான் வேலைக்குப் போறதே வேஸ்ட்டா?". இல்லவே இல்ல. அவங்க சம்பளத்துக்கு 17,250 வரின்னு நான் போட்டது கணவர் சம்பளத்த கீழ வச்சு அவங்கள மேல வச்சதால. அவங்க சம்பளத்த கீழ வச்சா 22 சதவீதம் விழுறது கணவர் சம்பளத்துலதான். சட்டத்துல அப்படி மேல கீழ எதுவும் கிடையாது, வருமானம் ஒண்ணு, வரி ஒண்ணு. எவ்ளோ வருஷம் காத்திருந்து ஈஏடி வாங்கி வேலைக்குப் போன ஒரு பொண்ணுகிட்ட உன் சம்பளத்துல பாதி வரிக்கே போயிடுதுன்னு சொல்றது கணக்குப்படியும் தப்பு, மனசுக்கும் ரொம்பக் கஷ்டமா இருக்கு. அந்த 17,250 போனாக்கூட ஃபெடரல் வரி 22 சதவீதத்த தாண்டல.

இனி சரி பண்ண விதம். 2025 ஏப்ரல்ல உக்காந்தோம், சம்பளம் அதேதான், வட்டியும் அதே 3,000. அப்போதைய 2025 விதிப்படி டிடக்ஷன் 30,000, மொத்த வரி 25,388 வரும்னு எஸ்டிமேட் போட்டோம். டபிள்யூ-4 ஸ்டெப் 2ல மூணு வழி இருக்கு, ஐஆர்எஸ் சைட்ல இருக்குற எஸ்டிமேட்டர், ஃபார்மோட வர்ற ஒர்க்ஷீட், அப்புறம் 2-சிங்கற இடத்துல ஒரு சின்ன கட்டம். அந்தக் கட்டத்த ரெண்டு பேரும் டிக் பண்ணா ரெண்டு கம்பெனியும் டிடக்ஷனையும் ஸ்லாபையும் பாதி பாதியா எடுத்துக்கும். கணவருக்கு 18,047, மனைவிக்கு 9,214, கூட்டினா 27,261. சம்பளத்துக்கு உண்மையான வரி 27,228. வெறும் 33 டாலர் வித்தியாசம்! ஒரே ஒரு டிக், அத்தன பெரிய ஓட்டை அடைஞ்சிடுது. ஆனா ரெண்டு பேரும் டிக் பண்ணணும், ஒருத்தர் மட்டும் பண்ணிட்டு விட்டா பாதி வேலைதான்.

இது எல்லா வீட்டுக்கும் இவ்ளோ அழகா பொருந்தாது. கம்மி சம்பளம் பெரிய சம்பளத்துல பாதிக்கு மேல இருந்தா கட்டம் நல்லா வேலை செய்யும், இவங்களுக்கு 80க்கு 120. ஒருத்தருக்கு 1,80,000, இன்னொருத்தருக்கு பார்ட் டைம்ல 30,000னு வச்சுக்கோங்க, ரெண்டு பேரும் டிக் பண்ணா வருஷத்துக்கு கிட்டத்தட்ட 4,600 டாலர் அதிகமா பிடிச்சிடும். ரீஃபண்டா வந்துடும்தான், ஆனா ஒரு வருஷம் வட்டியில்லாம கெடக்கும். அந்த மாதிரி வீட்டுக்கு எஸ்டிமேட்டரோ ஒர்க்ஷீட்டோ போட்டு வர்ற தொகைய பெரிய சம்பளக்காரர் ஃபார்ம்ல 4-சிங்கற இடத்துல (ஒவ்வொரு செக்லயும் கூடுதலா பிடிக்கச் சொல்றது) போடுறதுதான் சரி. பழைய ஆளுங்க "கல்யாணமானவங்க ஜீரோ போடுங்க"ன்னு இன்னும் சொல்றாங்க, அந்த அலவன்ஸ் கணக்கெல்லாம் 2020 ஃபார்மோட போயிடுச்சு.

இர்விங் வீட்டுக்கு இன்னொரு சிக்கல். மே மாச முதல் செக்லருந்துதான் புது ஃபார்ம் நடைமுறைக்கு வரும், அதுக்குள்ள 26ல 9 செக் பழைய ஓட்டையோட போயிடுச்சு, பிடிச்சது 2,716 மட்டும். மீதி 17 செக். கணவர் ஃபார்ம்ல ஸ்டெப் 3ல 2,500, வேற வருமானத்த எழுதுற 4-ஏங்கற இடத்துல வட்டிக்கு 3,000, மனைவி ஃபார்ம்ல ஸ்டெப் 3 காலி, ரெண்டுலயும் 2-சி டிக். அப்ப ஒரு செக் சுற்றுக்கு ரெண்டு பேருக்கும் சேத்து 980 பிடிப்பாங்க, 17க்கு 16,660. முன்னாடி பிடிச்சதோட 19,376தான் வருது, இன்னும் 6,000 குறையுது. இந்த தடவ போன வருஷ வரி சலுகையும் உதவாது, ஏன்னா 2024 வருமானம் 1,50,000த்த தாண்டிடுச்சு, 25,842ல 110 சதவீதம்னா 28,426. 90 சதவீதக் கணக்குல 22,849 ஆவது பிடிச்சிருக்கணும். அதனால 4-சிங்கற இடத்துல கணவருக்கு 200, மனைவிக்கு 155ன்னு ஒவ்வொரு செக்குக்கும் கூடுதலா போட்டோம். சம்பளத்துல பிடிக்கிற வரிக்கு ஒரு நல்ல குணம் உண்டு, டிசம்பர்ல பிடிச்சாலும் வருஷம் முழுக்க சமமா கட்டுன மாதிரிதான் ஐஆர்எஸ் எடுத்துக்கும், தனியா கட்டுற எஸ்டிமேட்டட் பேமென்ட்டுக்கு அந்தச் சலுகை இல்ல. அக்டோபர்ல முழிச்சிக்கிட்டாலும் இந்த வழி தொறந்துதான் இருக்கும்.

கையில வர்றது எவ்ளோ குறைஞ்சிச்சுன்னா, கணவருக்கு செக்குக்கு 582, மனைவிக்கு 451, சேத்து ரெண்டு வாரத்துக்கு 1,033 டாலர். அதோட 180 நாள் பிளானுக்கும் பணம் ஒதுக்கணும். அந்த மே மாசம் அவங்க வீட்டுல உண்மையிலேயே இறுக்கமாத்தான் போச்சு, ஊருக்குப் போற டிக்கெட்ட தள்ளி வச்சாங்க. யாரு சம்பளத்துல எவ்ளோ கழியணும்னு முதல்ல கொஞ்சம் பேச்சு வந்துச்சு, நான் சொன்னது எதுல பிடிச்சாலும் ரெண்டு பேரு பேருலயும் ஒரே கணக்குலதான் ஏறும், வீட்டுச் செலவு எந்த அக்கவுண்ட்லருந்து போகுதுன்னு பாத்து அதுக்கேத்த மாதிரி பிரிச்சுக்கோங்கன்னு.

ஜூலை 4ம் தேதி புதுச் சட்டம் கையெழுத்தாகி 2025க்கே டிடக்ஷன் 31,500, சைல்ட் கிரெடிட் 2,200 ஆச்சு. 2025 வித்ஹோல்டிங் டேபிள அதுக்காக மாத்தல, அதனால நெறைய பேரு கொஞ்சம் அதிகமாவே கட்டிட்டு வந்தாங்க. இவங்களுக்கு வரி 24,858 ஆச்சு, பிடிச்சது 25,411, ரீஃபண்ட் 553.

ஜனவரில செஞ்ச வேலையத்தான் பலபேரு மறந்துடுவாங்க. அந்த 200, 155 ரெண்டும் 17 செக்ல பழைய குறைய ஈடுகட்ட போட்டது, அப்படியே விட்டா 26 செக்குக்கு 9,230 டாலர் தேவையில்லாம போயிடும். 2026 ஜனவரில ரெண்டு பேரும் புது டபிள்யூ-4 போட்டு 4-சிய காலி பண்ணாங்க, கட்டம் டிக் அப்படியே, கணவர் ஃபார்ம்ல ஸ்டெப் 3ல 2,700. புது ஃபார்ம் கொடுத்தா 30 நாளுக்குள்ள வர்ற செக்லயே மாறணும்னு அவசியம் இல்ல, கம்பெனிக்கு அவ்ளோ அவகாசம் உண்டு, அதனால ரெண்டு மூணு பே ஸ்டப் வரைக்கும் எடுத்துப் பாத்து நம்பர் மாறிடுச்சான்னு உறுதி பண்ணிக்கணும். மனைவி ஃபார்ம்ல டிக் பண்ணா வீட்டுல இன்னொரு வேலை இருக்குன்னு கம்பெனிக்குத் தெரியுமேன்னு தயங்குறவங்க கட்டத்த விட்டுட்டு, டிக் பண்ணா கூடுதலா பிடிக்கிற தொகைய 4-சிங்கற இடத்துல போட்டுக்கலாம்.

இதவிட பெரிய சம்பளத்துல இருக்குற தம்பதிங்களுக்கு ஒண்ணு மட்டும். தம்பதி சம்பளம் 2,50,000 தாண்டுனா மேல உள்ளதுக்கு 0.9 சதவீதம் கூடுதல் மெடிகேர் வரி உண்டு, ஆனா கம்பெனி ஒருத்தருக்கு 2,00,000 தாண்டுனாதான் பிடிக்கும். ரெண்டு பேரும் 1,80,000 வாங்குனா ஒரு கம்பெனியும் பிடிக்காது, 990 டாலர் ஏப்ரல்ல வந்து நிக்கும். போனஸ், ஆர்எஸ்யூ (சம்பளத்தோட கம்பெனி கொடுக்குற பங்கு) ரெண்டுலயும் 22 சதவீதம் ஃபிளாட்டா பிடிக்கிறதும் 24, 32 ஸ்லாப்ல இருக்குறவங்களுக்குப் பத்தாது. நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா மாதிரி ஸ்டேட்ல இருந்தா ஸ்டேட் ஃபார்ம் தனி, அதையும் மாத்தணும்.

இர்விங் வீட்டுல இனி மாற வேண்டியது ஒண்ணுதான். கிரீன் கார்டு வந்து பெரியவனுக்கு எஸ்எஸ்என் கிடைச்சா, ரிட்டர்ன் கெடு தேதிக்குள்ள அந்த நம்பர் கைக்கு வந்து, அந்த வருஷக் கடைசில அவனுக்கு 17 வயசு ஆகாம இருந்தா, அவனுக்கும் முழு சைல்ட் கிரெடிட் உண்டு. அன்னிக்கு கணவரோட ஃபார்ம்ல ஸ்டெப் 3ஐ மட்டும் 4,400ன்னு மாத்திடலாம்.